ஒத்தப்பாறையில் நாம் ஏறிய மடிப்பு

அன்புள்ள ஜெயந்தி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "மடகாஸ்கர்ல போய்ப் பாறை ஆராய்ச்சி வேண்டாம்மா, அப்பாவை இப்படி விட்டுட்டு நான் எப்படிப் போறது? வரலைன்னு எழுதிக் குடுத்திரப் போறேன்" என்று நீ சொன்னாய். "சரிட்டி, பொறவு பேசுவோம்" என்று நான் வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் உன் அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, உப்பில்லாத உப்புமாவைக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழும்படி அவர் உடம்பைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. அதோடு, போனில் எனக்குப் பேச்சு வராது என்பதும் உனக்குத் தெரியும். சாப்பிட்டியா, மழை பெய்யுதா என்று கேட்டுவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை ஒட்டி மூடப்போவதில்லை. முதலில் உன் அப்பா படிப்பார், பிறகு உனக்கு வரும், மாப்பிள்ளையும் படிக்கட்டும். நம் குடும்பத்தில் இதைப் படிக்கக் கூடாதவர்கள் யாரும் இல்லை.

நீ ஜியாலஜி படித்ததே ஆசைப்பட்டு அல்ல. கெமிஸ்ட்ரி கேட்டாய், இடம் இல்லை, இதுதான் இருக்கிறது, சேருகிறாயா என்றார்கள். உன் அப்பா சேர்த்துவிட்டார். ஹாஸ்டலில் பத்திரமாக இருப்பாள், படிப்பு முடிவதற்குள் ஒரு நல்ல இடம் அமைந்துவிடும் என்பது அவர் நினைப்பு. நம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற பெண்கள், "முதலாளி மவ என்ன படிக்குதா?" என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கல்லைப் பற்றிப் படிக்கிறாள் என்பேன். கரிசல்காட்டில் ஒருத்தி கல்லைப் பற்றிப் படிக்கிறாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், கிணற்றுக்கு இடம் பார்த்துச் சொல்லுவாள். எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து உன் சித்தப்பா ஒருவர் தேங்காய் பழத்தோடு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போனது நினைவிருக்கிறதா? வெயிலில் அவர் நிலம் முழுக்க நடந்துவிட்டு, "எங்கயும் தோண்டாதீங்க சித்தப்பா, அடியில ஒரே பாறை" என்று சொல்லிவிட்டு வந்தாய். அவர் தோண்டினார். பாறைதான் வந்தது. அதற்குப் பிறகு வெகு நாள், "அந்தப் புள்ள வாய் வச்சுட்டா, அதான் தண்ணி வரல" என்று சொல்லிக்கொண்டே திரிந்தார்.

ஆனால் போகப்போக உனக்கு அந்தப் படிப்பு பிடித்துப்போய்விட்டதை வேறு யாரும் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்தேன். லீவுக்கு வருகிறபோதெல்லாம் உன் பையில் துணியைவிடக் கல் அதிகமாக இருந்தது. ஊறுகாய்ப் பானைக்கு மேல் பாரம் வைக்க ஒரு கல்லை எடுத்தேன் என்று என்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தாய். ஒன்றும் கேட்காமலே அப்பாவிடம் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற பெண், எம்.எஸ்ஸி. சேருவதற்கு மட்டும் எதிரில் நின்று பேசினாய். அவரும் விட்டுக்கொடுத்தார். அதற்கு மேலும் ஐதராபாத்தில் போய் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று நீ சொன்னபோதுதான் வீட்டில் பேச்சு நின்றது. அதே சமயத்தில் சிவகாசிச் சம்பந்தம் வந்தது. உன் அப்பாவோடு சேர்ந்து வடக்கே சரக்கு அனுப்பிய பழைய சிநேகிதரின் மகன். பையன்மேல் ஒரு குறையும் கிடையாது. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்காததுதான் உனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

கடைசி வருஷத்து வேலைக்கு உனக்குக் கொடுத்தது குமரிக் கடற்கரையில் ஒரு மீனவ ஊர். அங்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற பாறை முனை ஒன்று. அதற்கு அப்பால் தண்ணீருக்குள் தனியாக நிற்கிற ஒரு பாறை. ஊர்க்காரர்கள் அதை ஒத்தப்பாறை என்பார்கள். இரண்டையும் அளந்து படம் போட வேண்டும். உன்னோடு வரவேண்டிய பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. தனியாக விடமுடியாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். "நான் போறேன் இவ கூட" என்று நான் சொன்னதும் உன் அப்பா உடனே சம்மதித்தார். ஏன் சம்மதித்தார் என்று உனக்கும் தெரியும். பஸ் ஏறுகிறபோதே, "என்னை மடக்கத்தான வாரே?" என்று கேட்டாய். "ஆமா" என்றேன். அதற்கு மேல் நாம் இருவரும் நாகர்கோவில் வரை அதைப் பற்றிப் பேசவில்லை. சன்னலுக்கு வெளியே பச்சை கூடிக்கொண்டே வந்தது. இவ்வளவு தண்ணியை வைத்துக்கொண்டு இந்த ஊர்க்காரர்கள் என்னதான் செய்வார்கள் என்று நான் கேட்டதற்கு நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் தங்கினோம். முதல் இரண்டு நாளும் கரையில் இருந்த பாறை முனையில்தான் வேலை. எனக்கு டேப்பின் ஒரு நுனியைப் பிடிக்கிற உத்தியோகம். தூரத்திலிருந்து பார்த்தபோது அது வெறும் கறுத்த பாறையாகத்தான் தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக ஓடியது. நேராகவும் ஓடவில்லை. புடவைக் கொசுவம் மாதிரி வளைந்து, மேலேறி, கவிழ்ந்து, மறுபடியும் மேலேறி. அங்கங்கே மாதுளை முத்துப் போலச் சிவப்பாகக் கார்னெட் கற்கள் பதிந்திருந்தன. கரையில் மணல் சிவப்பாகக் கிடப்பதும் இவை உதிர்ந்ததால்தான் என்று காட்டினாய்.

"இந்தப் பாறைக்குப் பேரு நைஸ்ம்மா."

"நைஸாத்தான்ட்டி இருக்கு. பேரு என்ன?"

"யம்மா, பேரே நைஸ்தான்!"

கல் எப்படியடி வளையும், அது ஒடியத்தானே செய்யும் என்று கேட்டேன். நீ கொஞ்ச நேரம் யோசித்தாய். உன் புத்தகத்திலிருந்து எடுத்துச் சொல்லவில்லை. "நம்ம ஆபீஸ்ல மெழுகுப் பாளத்தைப் பார்த்திருக்கேல்லா? குளிர்ந்து கிடக்கையில அடிச்சா ஒடியும். சூட்டுல வச்சு மெதுவா அமுக்கினா வளையும்லா? இதுவும் அப்படித்தான். பூமிக்கு அடியில, பல மைல் ஆழத்துல, கொதிக்கிற சூட்டுல கிடந்துச்சு. ரெண்டு பக்கமும் கண்டம் வந்து நெருக்குச்சு. உருகல, இளகி மடிஞ்சிருச்சு. அம்பது கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு. மேல இருந்ததெல்லாம் தேஞ்சு போய்த்தான் இன்னிக்கு நாம இதப் பார்க்கோம்" என்றாய். அப்போது நம் நாடும் இலங்கையும் மடகாஸ்கரும் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன, இதே மடிப்பின் மிச்சம் அங்கேயும் இருக்கும் என்றும் சொன்னாய். ஒத்தப்பாறையும் ஒரு காலத்தில் இந்த முனையின் பகுதிதான்; பாறையில் இருந்த வெடிப்பு வழியாக அலை புகுந்து புகுந்து, குடைந்து, நடுவில் இருந்ததை இடித்துத் தள்ளிவிட்டது; இது மட்டும் தனியாக நின்றுவிட்டது என்றாய். எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனால் நீ சொல்லிக்கொண்டே போனபோது உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. சிவகாசிப் பேச்சை எடுக்க அந்த இரண்டு நாளும் வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் சேவியர் என்ற மீன்காரர் நம்மை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார். குளத்தில்கூட முழங்காலுக்கு மேல் இறங்காதவள் நான். கடல் அன்றைக்கு எண்ணெய் ஊற்றினாற்போலக் கிடந்தது. அவர் பாறையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். நீ எழுந்து நின்று எல்லாப் பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தாய். நான் உன் தாவணி நுனியைப் பிடித்துக்கொண்டு சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். மூன்று மாடி உயரம் இருக்கும் அந்தப் பாறை. கரையைப் பார்த்த பக்கம் அடியில் ஓர் அகலமான படி மாதிரி இருந்தது. அங்கே நம்மை இறக்கிவிட்டு, "வெயிலு சாயும் முன்ன வந்திருவேன் கேட்டியளா, ரெண்டு பேரும் தண்ணிப்பக்கம் போவாதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் வலையைப் பார்க்கப் போனார்.

மத்தியானம் வரை அளந்தோம். காராச்சேவைத் தின்றுவிட்டு, இருந்த தண்ணீரையெல்லாம் குடித்துத் தீர்த்தோம். இதைவிட்டால் வேறு சமயம் கிடைக்காது, இங்கேயிருந்து எழுந்து போகவும் உனக்கு இடம் கிடையாது என்று நான் பேச்சை எடுத்தேன்.

"ஏட்டி, அந்தச் சிவகாசிப் பையன் சாந்தமான புள்ளையாம்."

"யம்மா, டேப்பை இறுக்கிப் பிடி. தொய்யுது."

"பிடிச்சிக்கிட்டுத்தான இருக்கேன். நீ பதிலச் சொல்லு."

"அவன நான் குறை சொல்லலம்மா. எனக்கு ஐதராபாத் போகணும். இது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். இத விட்டுட்டா நான் என்ன செய்வேன்?"

"கல்யாணத்த முடிச்சிட்டுப் படியேன்."

நீ டேப்பைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். "அவிய வீட்டுல விடுவாவளா? என் தலையில கை வச்சு, விடுவாவன்னு நீ சொல்லு. இப்பவே சரிங்கேன்."

நான் கையை வைக்கவில்லை. விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நீ வைத்த டேப்பை எடுக்கக் குனிந்தபோதுதான் காலில் தண்ணீர் பட்டது. காற்று கொஞ்சமும் இல்லை. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. ஆனால் கடல் மூச்சை இழுத்து விடுகிறதுபோல மெதுவாக உயர்ந்தது. அலைபோல உடைந்து வரவில்லை, அப்படியே மொத்தமாக எழுந்து படிமேல் ஏறி, என் செருப்பையும் சோற்றுப் பையையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டது. அடுத்தது முழங்கால் வரை வந்தது. தூரத்தில் சேவியர் வள்ளத்தைத் திருப்புவது தெரிந்தது. பக்கத்தில் வர முடியாமல் கையை மேலே காட்டி மேலே காட்டிக் கத்தினார். "கள்ளக்கடலு! கள்ளக்கடலு! மேல ஏறுங்க!" எங்கோ தூரத்துக் கடலில் அடித்த புயலின் அலை இப்படிக் காற்றே இல்லாமல் திருடன் மாதிரி வரும் என்று பிறகுதான் அவர் விளக்கினார். அப்போது என்னைப் பயமுறுத்த அந்தச் சொல்லே போதுமாக இருந்தது.

மேலே ஏறு என்றால் எங்கே ஏறுவது? சுவர்போல நின்றது பாறை. நீ ஒரு நிமிஷம் அதை அண்ணாந்து பார்த்தாய். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான நிமிஷம் இல்லை. "யம்மா, இந்த வெள்ளப் பட்டையைப் பாரு. கெட்டியான பட்டை இது. இதுதான் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. கால இதுல மட்டும் வையி. கறுப்புல கை வைக்காத, உதிர்ந்திரும்" என்றாய். இரண்டு நாளாக நான் புடவைக் கொசுவம் என்று வேடிக்கை பார்த்த அந்த வளைவு, சாய்வாக மேலே ஏறிப் போயிற்று. ஒரு கால் வைக்கிற அகலம்தான்.

"ஏறி எங்கட்டி போக?"

"மேல ஒரு இடம் இருக்கு. உக்காரலாம்."

"நீ பார்த்திருக்கியா?"

"இல்ல. ஆனா இருக்கும்மா."

"பார்க்காம எப்படிட்டி சொல்லுத?"

"இந்தப் பட்டை இங்கன மேல ஏறுது. காலைல வள்ளத்துல வரும்போது அந்தப் பக்கம் இதே பட்டை கீழ இறங்குறதப் பார்த்தேன். அப்ப உச்சில அது மடிஞ்சுதான் ஆகணும். அதுக்கு மேல இருந்த கறுப்பு மெத்து. அது தேஞ்சு போயிருக்கும். அப்ப மடிப்போட முதுகு திண்டு மாதிரி நிக்கும். கீழ இருந்து தெரியாது. நீ ஏறு, நான் உன் பின்னால வாரேன்."

பெற்ற பிள்ளை சொல்கிறாளே என்று நான் ஏறவில்லை, ஜெயந்தி. பெற்ற பிள்ளை என்று நினைத்திருந்தால், சின்னப் பெண் என்னத்தைக் கண்டாள் என்று அங்கேயே நின்றிருப்பேன். நீ சொன்ன விதத்தைப் பார்த்து ஏறினேன். டாக்டர் சொன்னால் மாத்திரையை விழுங்குகிறோமே, அப்படி. புடவையைத் தார் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, வெறுங்காலை வெள்ளைப் பட்டையில் பதித்துப் பதித்து ஏறினேன். ஓர் இடத்தில் பயத்தில் கறுப்பைப் பிடித்துவிட்டேன். நீ சொன்ன மாதிரியே அது கையோடு பொரிந்து வந்தது. பின்னாலிருந்து உன் தோளில் என் பாதத்தைத் தாங்கிக்கொண்டாய். உனக்குக் கீழே தண்ணீர் வந்து வந்து அடித்தது. "கீழ பாக்காத, கீழ பாக்காத" என்று நீ சொன்னது எனக்கா உனக்கா என்று தெரியவில்லை.

அந்த இடம் இருந்தது. இரண்டு பேர் காலை நீட்டி உட்காருகிற அளவுக்கு, ஆட்டுக்கல் முதுகு போல வழவழப்பாக, நீ சொன்ன இடத்திலேயே இருந்தது. முதலில் என்னை மேலே தள்ளிவிட்டு, நீயும் ஏறி வந்து, அதைக் கையால் தடவிப் பார்த்தாய். அதற்குப் பிறகுதான் அழுதாய். "இல்லாமப் போயிருந்தா என்னம்மா செஞ்சிருப்போம்" என்று என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாய். நான் உன் தலையில் கையை வைத்தேன். சற்று முன்பு வைக்க முடியாத கை. சிவகாசிப் பேச்சுக்கு அதோடு முடிவு வந்துவிட்டது. இருவருமே அதைச் சொல்லவில்லை.

சாயங்காலம் வரை அங்கேயே இருந்தோம். பயந்துகொண்டேயும் இருந்தோம், இடையிடையே சிரித்துக்கொண்டும் இருந்தோம். தாகம் தாங்கவில்லை. சுற்றிலும் இவ்வளவு தண்ணீர், காராச்சேவு தின்ற வாய்க்கு ஒரு சொட்டு கிடையாது. வெயில் சாய்ந்த பிறகு கடல் கொஞ்சம் அடங்கியது. சேவியரும் அவர் தம்பியும் பாறையின் மறைவுப் பக்கமாக வள்ளத்தைக் கொண்டுவந்து கயிற்றை வீசினார்கள். இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் குதிக்க வேண்டியிருந்தது. "யம்மா, நான் சொல்லும்போது குதிங்க, யோசிக்காதீங்க" என்றார் சேவியர். குதித்தேன். கணுக்கால் வீங்கியது. நீ குதிப்பதற்கு முன்னால் திரும்பி அந்த மடிப்பை இன்னொரு தடவை பார்த்ததை நான் பார்த்தேன். உயிர் பிழைத்து வருகிறவள், இன்னும் அளக்க வேண்டியது பாக்கியிருக்கிறதே என்று பார்க்கிறாள்!

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது உன் அப்பா என் காலைத்தான் முதலில் பார்த்தார். எண்ணெய் காய்ச்சி ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். நீ தூங்கப் போன பிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏளா, அவ சம்மதிச்சாளா?"

"அவ சம்மதிக்கல. நான் சம்மதிச்சிட்டேன்."

"எதுக்கு?"

"ஐதராபாத்துக்கு."

நடந்ததை எல்லாம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "உசிர் போயிருக்கும். அப்படிப்பட்ட வேலைக்கா அனுப்பச் சொல்லுத?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "அந்த வேலை தெரியலைன்னாத்தான் உசிர் போயிருக்கும்" என்றேன். கடைசியில் ஒத்துக்கொண்டு, சம்பந்தம் வேண்டாம் என்று சிநேகிதரிடம் அவரே சிவகாசிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அந்த மனிதர் இவருக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அன்றோடு அந்த நட்பு முடிந்தது. உன்னிடம் அவர் இதைச் சொன்னதில்லை. என்னிடமும் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். கல்யாண வீடுகளில், "மவ இன்னும் படிச்சிக்கிட்டா இருக்கா?" என்று ஆட்கள் கேட்கும்போது அவர் பந்திக்கு நிற்காமல் வந்துவிடுவார். நீ ஐதராபாத்தில் படித்த அத்தனை வருஷமும், "நல்லா இருக்கியா, பத்திரமா இரு" என்பதைத் தாண்டி உன் வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவருக்குக் கோபம் என்று நீ நினைத்தாய். கோபம் இருந்தது. ஆனால் போகப்போக அது கோபமாக இல்லை. என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நாலுவழிச் சாலை போடுவதற்காகக் கோவில்பட்டிக்கு வெளியே மேட்டை வெட்டினார்களே, அந்த வருஷம் நடந்ததை நீ பாதிதான் அறிவாய். உன் அப்பா புதூர்ப் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தார். வழியிலேயே இறங்கிவிட்டாராம். வேட்டியெல்லாம் புழுதியாக, வேர்த்துக் கொட்ட, நடந்து வீட்டுக்கு வந்தார். நான் பயந்துபோய் என்ன என்று கேட்டால், "அங்கன பாறையப் பிளந்து போட்டிருக்கான். உள்ள வெள்ளையும் கறுப்புமா மடிஞ்சு மடிஞ்சு கிடக்கு. நீ சொன்னேல்லா, அதே மாதிரி. நம்ம ஊருக்கு அடியிலயும் இருந்திருக்கு, பாத்துக்க" என்றார். தண்ணீர் குடித்துவிட்டு அவரே போனை எடுத்து உனக்கு அடித்தார். "ஏட்டி, நாலு நாள்ல அத மூடி மண்ணப் போட்ருவான். வாரதுன்னா சீக்கிரம் வா" என்று அவர் சொன்னதும் நீ கிளம்பி வந்தாய். நீங்கள் இருவரும் அந்த வெட்டின் முன்னால் லாரிப் புழுதியில் நின்றுகொண்டு பேசியது என்ன என்று எனக்குத் தெரியாது. நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஆட்டோவில் இருந்தேன். அவர் கையை நீட்டி நீட்டிக் கேட்டார், நீ குனிந்து குனிந்து காட்டினாய். வீட்டுக்கு வந்து எனக்கு அவர் பாடமே நடத்தினார். நான் ஒத்தப்பாறை மேல் ஏறியவள் என்பதையே மறந்துவிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பாவுக்கு இதய அடைப்புக்கு மதுரையில் ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். காலையில் நடக்கிறார். மாத்திரையை நான் எடுத்துக் கையில் கொடுத்தால்தான் விழுங்குகிறார். தீப்பெட்டி ஆபீஸைக் கொஞ்ச நேரம் நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். பயம் இல்லையா என்றால், இருக்கிறது. அவர் தூக்கத்தில் புரண்டு படுத்தாலும் எனக்கு முழிப்பு வந்துவிடுகிறது. ஐதராபாத்தில் இருந்தால் ஒரு நாள் ரயில் பயணத்தில் நீ வந்துவிடலாம், மடகாஸ்கரிலிருந்து அப்படி வர முடியாது. இரண்டும் ஒன்றுதான் என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். நீ அங்கே இருக்கும்போது இங்கே ஏதாவது ஒன்று நடந்துவிடலாம். நடந்தால், செய்ய வேண்டியதை நான் செய்வேன். அழுதுகொண்டேதான் செய்வேன். ஆனால் உன்மேல் ஒரு குறை சொல்ல மாட்டேன். சொல்ல வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுவேன்.

நீ போகாமல் இங்கே வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பாய். நான் செய்கிற உப்பில்லாத குழம்பை நீ செய்வாய். அவர் உன் முகத்தைப் பார்த்துப் பார்த்து, என்னால்தானே என்று நினைத்துக்கொண்டே அந்தக் குழம்பைச் சாப்பிடுவார். அவருக்கு அதைவிடப் பெரிய நோயை யாரும் கொடுக்க முடியாது. அவர் உனக்காக ஒரு சிநேகிதரை இழந்தார். பந்தியில் உட்காராமல் திரும்பி வந்தார். அதற்குப் பதிலாக நீ இங்கே வந்து இருக்க வேண்டும் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. பிள்ளைகள் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறீர்கள். பெற்றவர்கள் செய்வதற்கெல்லாம் ஏதாவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று. எங்களுக்கு வேண்டியது, நீ பாறை முன்னால் நிற்கிறபோது உன் முகத்தில் இருக்கிற அந்த வெளிச்சம். அதை நான் ஒருத்திதான் பார்த்திருக்கிறேன். அவரும் ஒரு தடவை, லாரிப் புழுதியில் பார்த்தார்.

ஐதராபாத்தில் உனக்கு அமைந்த மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை. நீ இப்படி ஊருக்குப் போய்விட்டால் அவருக்குச் சமைத்துப் போடுவது யார் என்று என் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அவருக்குச் சமைக்கத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். தெரியாவிட்டால் இனிமேல் கற்றுக்கொள்ளச் சொல்.

இது வரை எழுதியதை உன் அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். சிவகாசி வருகிற இடத்தில், "இத எதுக்கு எழுதுன?" என்று கேட்டார். எழுதிவிட்டேன், இனி அழிக்க மாட்டேன் என்றேன். படித்து முடித்துவிட்டுத் தாள்களை வரிசையாக அடுக்கி என்னிடம் நீட்டினார். பிறகு, "அங்க மழை உண்டான்னு கேளு. நல்ல ரெயின்கோட்டு வாங்கிக்கிடச் சொல்லு. பொறவு, அந்த ஊர்ல பாறையப் பார்த்துட்டு எனக்குப் போன் போடணும். உனக்கு இல்ல, எனக்கு. அப்படியே எழுது" என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். நேற்றுச் சாயங்காலம் தெருவில் தண்ணீர் லாரிக்காக நின்றபோது, உன்னைப் பற்றிக் கேட்டார்கள். எங்க ஜெயந்தி மடகாஸ்கருக்குப் போய்விட்டாள் என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் எவ்வளவு தூரம், எந்தக் கடலைத் தாண்டி என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

இந்த வயசில் உன் அம்மாவைப் பொய்க்காரியாக்காதே. கிளம்பு.

உன் அம்மா